என் லொறி தவறணைக்குள் போன விதம்

பதுளைக்கு ரயில் வந்த புதிதில் எங்கள் கடையின் மாட்டு வண்டிகளை விற்றுவிட்டு ஒரு பழைய லொறி வாங்கினோம். 'வாங்கினோம்' என்று நான் பன்மையில் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வேண்டாம் என்றாள் என் மனைவி. யோசித்துச் செய்யுங்கள் என்றான் அவள் தம்பி. வாங்கியது நான் ஒருவன். தோட்டத் துரை ஒருவர், சீமைக்குக் கப்பலேறப் போவதால் கிடைத்த விலைக்குத் தருவதாகச் சொல்லித் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு பல வருஷம் அவரைப் பண்டாரவளைப் பக்கம் ஒரு புது லொறியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கையைக்கூட ஆட்டுவார்.

எங்களுடையது அரிசி, மளிகைக் கடை. ஸ்டேஷனில் இறங்கும் அரிசி மூட்டைகளைத் தோட்டங்களுக்கு ஏற்றிப்போய்க் கொடுப்பது முக்கியமான வேலை. பாதையெல்லாம் ஏற்றமும் வளைவும். அந்தப் பாதைக்கு ஏற்ற லொறி அது இல்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. நேர் பாதையில் போனாலும் ஸ்டியரிங் கையில் பிடித்த கோழி மாதிரித் துடிக்கும். முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் 'டங்' என்று ஒரு சத்தம். காதில் கேட்பதற்கு முன்னால் பல்லில் கேட்கும். வைத்திருந்த டிரைவர் கல்யாணம் செய்துகொள்ள திருச்சிப் பக்கம் போனவர் திரும்பவேயில்லை. மாமனார் வீட்டு வசதி என்று ஊரில் சொன்னார்கள். லொறிதான் காரணம் என்று நான் நினைத்தேன். அதனால் ஓட்டுகிற வேலையும் என் தலையில் விழுந்தது.

டவுனில் இருந்த பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் லொறிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"முன் ஸ்பிரிங் ரெண்டும் செத்துப்போச்சு முதலாளி. அதை மாட்டுற பின்னும் தேஞ்சுருச்சு, புஷ்ஷும் தேஞ்சுருச்சு. வட்டமா இருக்க வேண்டிய ஓட்டையெல்லாம் முட்டை மாதிரி ஆயிருக்கு."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்சக்கரங்களைத் தாங்கும் அச்சுக்கும் லொறியின் சட்டத்துக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக, வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய வில் இருக்கும். அதுதான் ஸ்பிரிங். அதன் இரண்டு முனையிலும் வளையம், வளையத்துக்குள் பித்தளைப் புஷ், அதற்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு பின். இவ்வளவுதான். இவ்வளவுதான் என்று அன்றைக்கு எனக்கும் தோன்றியது.

"மாத்தித் தர எவ்வளவு நாளாகும்?" என்றேன்.

"சாமான் கொழும்புலேர்ந்து வரணும். வந்தாலும் தோட்டத்துக் காருங்க வரிசையா நிக்குது. ஒரு மாசம் ஆகுமுங்க."

"ஒரு மாசமா! நாலு போல்ட்டைக் கழட்டி நாலு போல்ட்டைப் பூட்டுறதுக்கா?"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "ஆமாங்க. அம்புட்டுத்தான்," என்றார்.

அந்த 'அம்புட்டுத்தான்' என்னைக் கெடுத்துவிட்டது. கொழும்பிலிருந்து சாமானை மட்டும் வரவழைக்கச் சொல்லிவிட்டு, "வீட்டிலேயே நானே மாத்திக்கிறேன்," என்று அறிவித்துவிட்டு வந்தேன்.

அந்தக் காலத்தில் எனக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. மேடையில் பேசுவேன். எங்கள் ஊர் மதுவிலக்குச் சபையில் நான் ஒரு பேச்சாளன். சபைக்குத் தலைவர் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். குடியின் கேடுகளை நான் சொல்லும்போது அவர் கண்ணை மூடித் தலையாட்டுவார். ஒருமுறை ஆவேசத்தில், பண்டாரவளைப் பாதையில் ஊர் எல்லையில் இருந்த சாராயத் தவறணையையே குறிப்பிட்டு, "அது கடையல்ல, மூடியில்லாத பாழ்கிணறு. குடும்பம் குடும்பமாக விழுகிறார்கள்," என்று முழங்கினேன். தவறணைக்காரர் அன்று கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய மீசை. பேச்சு முடிந்ததும் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். மனம் திருந்திவிட்டார் என்று நான் பூரித்துப்போனேன்.

"இல்ல மச்சான்," என்றான் என் மைத்துனன். "தூங்கிட்டிருந்தாரு. பக்கத்துல உள்ளவன் தட்டி எழுப்பினான்."

இந்த மைத்துனனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். என் மனைவியின் தம்பி. எங்களோடு இருந்து கடையைப் பார்த்துக்கொண்டான். நான் அவனை மாப்பிளே என்றுதான் கூப்பிடுவேன். அவன் ஒரு வேலையைத் தானாகத் தொடங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் நான் தொடங்கும் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பற்றி ஏதாவது சொல்லுவான். அவன் சொன்னதில் பெரும்பாலானவை சரியாக இருந்தன என்பதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத விஷயம்.

சாமான் ரயிலில் வந்தது. பெட்டியைக் கடை வாசலில் வைத்து, வாடிக்கையாளர்கள் பார்க்கும்படி உடைத்தேன். புது ஸ்பிரிங்குகள் கறுப்புப் பெயின்ட் வாசனையோடு இருந்தன. ஒவ்வொன்றையும் தூக்கி ஆள் ஆளுக்குக் காட்டினேன். காட்டியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. வேலை தொடங்குவதற்கு முன்பே மனைவி தைலம் தேய்த்துவிட்டாள்.

லொறியைக் கடைக்குப் பின்னால் முற்றத்தில் நிறுத்தினோம். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். ஜாக்கியை முன் அச்சுக்குக் கீழே வைத்து நான் தண்டை ஆட்ட ஆட்ட, லொறி உயரவில்லை. ஜாக்கி பூமிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பதுளை மழையில் ஊறிய மண் பஞ்சு மாதிரி.

"அடியில அகலமா, கனமா ஏதாவது வைக்கணும் மச்சான்," என்றான் மைத்துனன்.

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. என் யோசனைகள் எப்போதும் உடனே வந்துவிடும். அடுப்படிக்குப் போய் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அப்போது மனைவி கிணற்றடியில் இருந்தாள். அம்மி மேல் ஜாக்கி அழகாக நின்றது. லொறியும் உயர்ந்தது. சட்டத்துக்குக் கீழே மரக்கட்டைகளைக் கொடுத்துச் சக்கரங்களைக் கழற்றும்வரை எல்லாம் சரி. மைத்துனனைப் பார்த்து, "எப்படி?" என்று நான் கேட்ட அந்த நேரத்தில்தான் அம்மி சரியாக நடுவில் இரண்டாகப் பிளந்தது. கட்டைகள் இருந்ததால் லொறி பிழைத்தது. நானும் பிழைத்தேன். அம்மி பிழைக்கவில்லை.

சத்தம் கேட்டு மனைவி ஈரக்கையோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள். அம்மியைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"எங்கயாச்சும் அடி பட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப சரி. இனிமே சம்பலை அந்த லொறியிலேயே அரைச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று முழுக்க துருப்பிடித்த போல்ட்டுகளோடு போராட்டம். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தோம். ஸ்பானரில் தொங்கினோம். ஒரு போல்ட் அசைந்துவிட்டதாக நினைத்து நான் சந்தோஷப்பட்டபோது அசைந்தது ஸ்பானரின் வாய். பின்களைச் சுத்தியலால் அடித்து வெளியே தள்ளவேண்டும். ஒன்று, அடிக்க அடிக்கக் காளான் மாதிரித் தலை விரிந்ததே தவிர நகரவில்லை. அதை அரத்தால் ராவி எடுத்தோம். நடுவில் மழை வேறு. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு லொறிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது, மேடையில் என்னைப் பார்த்தவர்கள் இப்போது பார்க்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

பழைய ஸ்பிரிங் இரண்டையும் கழற்றிப் போட்டபின் புதியதை எடுத்தபோது ஒன்றைக் கவனித்தேன். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட், அச்சு வந்து உட்காரும் இடம், உண்மையில் நடுவில் இல்லை. ஒரு பக்கம் கொஞ்சம் நீளம், ஒரு பக்கம் கொஞ்சம் குட்டை.

"பாத்தியா மாப்பிளே. சீமைக்காரனும் அளக்காமத்தான் ஓட்டை போடுறான்."

மைத்துனன் மற்றதை எடுத்துப் பார்த்தான். "இதுவும் அப்படித்தான் இருக்கு மச்சான். ரெண்டுலயும் ஒரே மாதிரித் தப்புப் பண்ணுவானா?"

நியாயமான கேள்வி. பழைய ஸ்பிரிங்கைத் திரும்பிப் பார்த்திருந்தால் பதில் அங்கேயே கிடந்தது. நான் வேறு வழியில் போனேன். வலது பக்கத்து ஸ்பிரிங்கை எப்படியோ ஒரு வாட்டத்தில் மாட்டினேன். நீளப் பாதி என் இடது கைப் பக்கம் இருந்தது. அதை மனதில் பதித்துக்கொண்டேன். பிறகு லொறியைச் சுற்றி மறுபக்கம் போய், மிகுந்த கவனத்தோடு, அங்கேயும் நீளப் பாதியை என் இடது கைப் பக்கமே வைத்து மாட்டினேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். இந்த மாதிரி வேலைக்கு ஒழுங்குதான் முக்கியம்," என்று மைத்துனனுக்கு உபதேசமும் செய்தேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பசியால் விட்டுவிட்டதாகப் பிற்பாடு சொன்னான்.

மறுநாள் காலை அரிசி ஏற்றினோம். பூனாகலைத் தோட்டத்துக்குப் போகவேண்டிய மூட்டைகள், ஏற்கெனவே பிந்திவிட்டன. மனைவி கோபத்தை மறந்து, முன்சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். லொறியைக் கிளப்பினேன். வலது சக்கரம் பழத்தை நசுக்கியது. இடது சக்கரம் பழத்தைத் தொடாமல் சாய்ந்து போனது.

"என்னங்க, நிறுத்துங்க, பழம் நசுங்கல!" என்று அவள் கத்தினாள்.

"உருண்டிருக்கும்!" என்று நானும் கத்திவிட்டுப் போய்விட்டேன்.

உண்மையைச் சொன்னால், 'டங்' சத்தம் போயிருந்தது. துடிப்பும் போயிருந்தது. அந்தச் சந்தோஷத்தில், ஸ்டியரிங் என் கையை இடது பக்கம் இழுத்துக்கொண்டே இருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுச் சாமான், பழகப் பழகச் சரியாகும் என்று நினைத்தேன். புது மருமகளைப் பற்றிச் சொல்கிற மாதிரி மைத்துனனிடமும் சொன்னேன். அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். டவுனைத் தாண்டுவதற்குள் எனக்குத் தோள் வலிக்கத் தொடங்கியது. முழு பலத்தோடு வலது பக்கம் பிடித்தால்தான் லொறி நேராகப் போகும்.

ஊர் எல்லை வந்தது. எதிரே, வலது ஓரமாக, குடையும் தலைப்பாகையுமாகச் சபைத் தலைவர் நடந்து வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். பெரியவர். குடையை இடுக்கிக்கொண்டு அவரே முதலில் கையைக் கூப்பினார். பதிலுக்குக் கும்பிடாமல் போகலாமா? வளர்த்தவர்கள் என்னை அப்படி வளர்க்கவில்லை. நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டேன்.

லொறி இடது பக்கம் திரும்பியது. அவசரமே இல்லை அதற்கு. வழி தெரிந்த மாடு தொழுவத்துக்குத் திரும்புவது போல, பாதையை விட்டு இறங்கி, வாய்க்காலுக்கு மேல் போட்டிருந்த பலகையில் ஏறி, தவறணையின் முன்தாழ்வாரத்துக்குள் போய் நின்றது. தூண் சாய்ந்து, தகரக் கூரை ஒரு முனையில் எங்கள் மேல் இறங்கியது. உள்ளே அலமாரி விழுகிற சத்தம், போத்தல்கள் உடைகிற சத்தம். காலை நேரம் என்பதால் குடிக்க ஆள் இல்லை; யாருக்கும் காயமில்லை. கூரைக்கு அடியில் மாட்டியிருந்த ஒரு சாராயப் பீப்பாய் மட்டும் சரிந்து, ஜன்னல் வழியாக, நிதானமாக, என் மடியில் கொட்டியது.

தவறணைக்காரர் உள்ளேயிருந்து வெளியே வந்தார். உடைந்த போத்தல்களைப் பார்த்தார். கூரைக்கு அடியில் கை கூப்பிய நிலையிலேயே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"வாங்க முதலாளி," என்றார். "வாசல் இந்தப் பக்கம் இருந்துச்சே."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. தலைவர் குடையை ஊன்றிக்கொண்டு பாதையில் நின்றார். நான் இறங்கி அவரை நோக்கி நடந்தேன். நடை சரியாக இல்லை. வேட்டி சாராயத்தில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, லொறியில ஒரு சின்னக் கோளாறு..."

அவர் மூக்குக்கு முன்னால் மெதுவாகத் துண்டைக் கொண்டுவந்தார். "வீட்டுக்குப் போங்கள் தம்பி. பிறகு பேசலாம்," என்றார். கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்போடு சொன்னார்.

தவறணைக்காரரே ஆள் பிடித்து லொறியைப் பின்னால் தள்ளிவிட்டார். வீட்டுக்கு ஊர்ந்து வந்து சேர்ந்தோம். நான் குளித்து, மறுபடியும் குளித்துவிட்டுக் கொடிக்கயிற்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். முன் அச்சிலிருந்து பின் அச்சுவரை இரண்டு பக்கமும் அளந்தேன். வலது பக்கத்தைவிட இடது பக்கம் மூன்று விரல் குட்டை. இடது சக்கரம் பின்னால் தள்ளி நின்றது. அச்சே கோணலாக இருந்தது.

எப்படி? வலது பக்கம் போய் நின்று இடது கையை நீட்டினேன். கை லொறியின் பின்பக்கத்தைக் காட்டியது. இடது பக்கம் போய் நின்று இடது கையை நீட்டினேன். கை முன்பக்கத்தைக் காட்டியது. நம்பாமல் திரும்பவும் வலது பக்கம் போய் நீட்டினேன். திரும்பவும் இடது பக்கம்.

கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி தம்பியிடம் மெதுவாகக் கேட்டாள்: "டேய், நெசமா இவர் குடிக்கலதானே?"

"இல்லக்கா. இப்பத்தான் புரியுது அவருக்கு," என்றான் அவன்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "எந்திரிங்க. கழட்டி மாத்திப் போடுவோம். நான் ஸ்பானர் எடுத்துக் குடுக்குறேன்," என்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளும் மண்ணில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை ரயில்வேக்காரரிடம் கேட்டு வாங்கிய ஒரு தண்டவாளக் கட்டை ஜாக்கிக்கு அடியில். போல்ட்டுகள் புதியவை என்பதால் சொன்னபடி கேட்டன. அவள் கை சிறியது. என் கை நுழையாத இடத்தில் நட்டைத் திருகிக் கொடுத்தாள். மாலைக்குள் அச்சு நேராகிவிட்டது. இரண்டு பக்கமும் கயிறு ஒரே அளவைக் காட்டியபோது அவள் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டாள். கையில் இருந்த கிரீஸைக் கழுவ மறந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது தவறணைக்காரர் வந்தார். நான் நஷ்ட ஈட்டைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"காசு கெடக்கட்டும். கூரையத் தூக்கித் தூணு வைக்கணும். அந்த ஜாக்கியக் குடுங்க."

ஜாக்கியை யாரிடமும் நம்பிக் கொடுக்கும் மனம் எனக்கில்லை. நானே கொண்டுபோனேன். அதனால் அடுத்த நாளும் பட்டப்பகலில், பாதையில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க, நான் தவறணை வாசலில் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை முடிந்ததும் அவர் எனக்குச் சோடா கொடுத்தார். சாராயம் ஊற்றுகிற கண்ணாடித் தம்ளரில் கொடுத்தார்.

"ஒண்ணு கேக்கணும் முதலாளி," என்றார். "அடுத்த கூட்டத்துல என் கடையப் பத்திப் பேசுனீங்கன்னா, உள்ள வந்து பாத்தவருங்கிற முறையில பேசுங்க. பாழ்கிணறு இல்ல. பெருக்கித் தொடைச்சுத்தான் வெச்சிருக்கேன்."

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே சுத்தமாகத்தான் இருந்தது.

சபைக் கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஸ்பிரிங்கைப் பற்றி, நீளப் பாதியைப் பற்றி, இடது கையைப் பற்றி. கையை நீட்டியும் காட்டினேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் எழுந்து, "மனம் திரும்பியவனுக்கு இந்தச் சபையில் எப்போதும் இடமுண்டு," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். குடித்தவனை மன்னிக்க அத்தனை பேரும் தயாராக இருந்தார்கள். ஸ்பிரிங்கைத் திருப்பி மாட்டியவனை நம்பத்தான் ஆளில்லை. அதன்பிறகு என்னைப் பேச அழைக்கவில்லை. பெஞ்சு அடுக்குகிற பொறுப்பைக் கொடுத்தார்கள்.

நம்பியவர் ஒரே ஒருவர், பட்டறை மெக்கானிக். நான் பாதி சொல்லும்போதே, "ரெண்டு பக்கமும் ஒரே கைப் பக்கமா வெச்சிருப்பீங்க," என்றார். அதைவிட மதுவிலக்குச் சபையின் மன்னிப்பே மேல் என்று நினைத்தேன்.

பூனாகலைக்கு அரிசி போய்ச் சேர்ந்தது. லொறி பூனைக்குட்டி மாதிரி மலையேறியது. ஸ்டோரில் மூட்டை இறக்கிய தொழிலாளிகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிகக் கவனத்தோடு பார்க்காமல் இருந்தார்கள். செய்தி எங்களுக்கு முன்பே மலையேறிவிட்டது என்று புரிந்துகொண்டேன். அவர்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணி மட்டும் பெருந்தன்மையோடு, "ரோட்டு சரியில்லீங்க," என்றார்.

திரும்பும்போது மூடுபனி இறங்கி, முன்னால் பாதையே தெரியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, மனைவி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்தோம். அம்மி இல்லாததால் சம்பல் இல்லை, ஊறுகாய் வைத்திருந்தாள். கீழே எங்கேயோ ரயில் கூவியது. மைத்துனன் சாப்பிட்டுக்கொண்டே குனிந்து லொறிக்கு அடியில் பார்த்தான்.

"மச்சான், பின்பக்க ஸ்பிரிங்குல ஒரு பட்டை வெடிச்ச மாதிரி இருக்கு."

நான் ஒரு உருண்டை சோற்றை நிதானமாக மென்று விழுங்கினேன்.

"பட்டறையில விட்டுருவோம்," என்றேன்.